நன்றிக்கு அடுத்த வரி

ஓபர்மாட்,
23 ஜனவரி 1986, வியாழன் இரவு

அன்புள்ள மர்லீஸ் அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடமும் வேண்டாம். பெரியம்மா என் அம்மாவிடம் சொல்லிவிடுவார், அம்மாவின் முகத்தைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிடுவார். படித்ததும் எரித்துவிடு. உன் வாடகை அறையில் அடுப்பு இல்லையென்றால் கிழித்து ஏரியில் போட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

மூன்று நாள் சோதனை வேலை இன்றோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் ஏதாவது ஒரு தொழிலைப் போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்பதால் அப்பாவால் தடுக்க முடியவில்லை. "போய்ட்டு வா, மூணு நாள்ல ஆசை தீந்துரும். கண்ணாடி தொடைக்கணும்னா இங்கேயே முப்பது பீர் கிளாஸ் கெடக்கு" என்றார். எங்கள் விடுதியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆசை தீரவில்லை அக்கா. கீழே தூன் நகரத்தில் இம்போடன் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கடை உனக்குத் தெரியும், பாலத்துக்கு எதிரே இருப்பது. கண்ணாடிச் சட்டத்தைச் சூடான மணலில் புதைத்து எடுத்து, கையாலேயே வளைத்து, ஒருவருடைய காதுக்கு ஏற்றபடி அமைக்கிறார்கள். நான் ஒன்றை வளைத்தேன். உடையவில்லை. அந்த வேலையைப் பழகும் இடம் எனக்குக் கிடைத்தால் ஆகஸ்டில் இந்த மலையை விட்டு இறங்கிவிடுவேன். கிடைக்காவிட்டால் ‘கரடி’ என்று பெயர் வைத்த அப்பாவின் இந்த விடுதியில்தான் ஆயுள் முழுக்கத் தட்டு ஏந்த வேண்டும். அப்பா அதை முடிவு செய்துவிட்டார். ஏப்ரலில் பரிமாறும் பெண்ணை நிறுத்தப் போகிறார், அவள் இடத்துக்கு நான்.

இன்று மாலை இம்போடன் அம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். "மூணு பேரப் பாக்கலாம்னு இருக்கேன், எடம் ஒண்ணுதான். நீ ரெண்டாவது. இன்னொருத்தி இன்னும் அமையல. ஊருக்குப் போனதும் கையால ஒரு கடிதாசி எழுதணும், அது வழக்கம், தெரியும்ல? எல்லாரும் நன்றின்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் படிக்கிறது அதுக்கு அடுத்த வரிய" என்றார்.

அந்த அடுத்த வரியில் என்ன எழுதுவது? நீ வணிகப் பள்ளியில் கடிதம் எழுதத்தான் படிக்கிறாய். எனக்குச் சொல்லிக் கொடு. கடையிலிருந்து பதில் உன் முகவரிக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இங்கே தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் அப்பா கையில்தான் கொடுப்பார். நீ எனக்குப் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. ஆசிரியர் எதுவும் கேட்கமாட்டார்.

மூன்று நாளும் மதியம் உன் பள்ளி வாசலில் வந்து நின்றேன். உன்னைக் காணவில்லை. தேர்வா?

அப்பா கதவைத் தட்டமாட்டார் என்று உனக்குத் தெரியும். விருந்தாளி அறையென்றால் இரண்டு முறை தட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். எங்கள் அறையென்றால் நேராகத் திறப்பார். "என் வீட்டுக் கதவ நான் எதுக்குத் தட்டணும்?" என்பார். பதினோராவது படி முனகும். அதற்கும் கதவுக்கும் நடுவே மூன்று மூச்சு. அதற்குள் இந்தக் காகிதம் மெத்தைக்கு அடியில் போய்விட வேண்டும்.

உன் ரெகுலா

*

தூன், 26 ஜனவரி 1986

ஏய் பயந்தாங்கொள்ளி,

போன வாரச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய். திருப்பினால் "கன்று ஈரல், வறுத்த உருளைக்கிழங்கு" என்று இருக்கிறது. எனக்குப் பசியெடுத்துவிட்டது. கடைக்கு எழுதும்போது தயவுசெய்து ஈரல் இல்லாத காகிதம் எடு. நல்ல தாள் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது கேள். ஒரு வாரத்துக்குள் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு உன் முகம் மறந்துவிடும். ஒரு பக்கத்தைத் தாண்டாதே. "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா" என்று பொதுவாக எழுதாமல் அவர் பெயரை எழுது. நன்றியை ஒரே வரியில் முடி. அதற்கடுத்து, அந்த மூன்று நாளில் அங்கே நீ மட்டும் பார்த்த ஒன்றை எழுது. இதுதான் அந்த அம்மா கேட்கும் வரி. வேறு எந்தப் பெண்ணும் எழுத முடியாததாக இருக்க வேண்டும். கெஞ்சாதே. "எனக்கு இந்த இடம் கிடைத்தால் என் வாழ்க்கையே" என்றெல்லாம் ஆரம்பித்தால் நானே குப்பையில் போடுவேன். கடைசியில், எந்தத் தேதியில் மறுபடி விசாரிப்பாய் என்று சொல். சொன்னால் அன்றைக்கு விசாரிக்கவும் வேண்டும்.

இன்னொன்று, யாரும் செய்யாதது. இடம் இல்லை என்று பதில் வந்தாலும் எழுது. நன்றி சொல்லி, என்னிடம் எது குறைந்தது என்று கேள். எங்கள் ஆசிரியை அதைத்தான் "இரண்டாவது கதவு" என்பார்.

முதலில் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். அப்புறம் கடையைப் பற்றி எல்லாவற்றையும் எழுது. காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எந்த வாசல் வழியாக வேலைக்காரர்கள் போகிறார்கள், அந்த அம்மா என்னென்ன கேட்டார். விவரம் தெரிந்தால்தான் நல்ல கடிதம் அமையும்.

பள்ளி வாசலில் நான் இல்லாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. பின் வாசலில் போயிருப்பேன்.

மர்லீஸ்

*

ஓபர்மாட், 28 ஜனவரி, இரவு

அன்புள்ள மர்லீஸ் அக்கா,

கீழே இன்னும் சீட்டாட்டம் ஓடுகிறது. அது முடிவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நான் மட்டும் பார்த்த ஒன்று இருக்கிறது. நீ கேட்டவுடன் அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் எழுதலாமா என்று பயமாக இருக்கிறது.

புதன்கிழமை எங்கள் மேல்மேட்டுக் கோட்லீப் பெரியவர் கடைக்கு வந்தார். அவருடையது மேல் பாதி தூரம் பார்க்கவும் கீழ்ப் பாதி படிக்கவும் சேர்த்துச் செய்த கண்ணாடி. இரண்டு மாதமாகப் படியில் தடுக்கி விழுகிறாராம். "இந்தக் கண்ணாடி என்னக் கொல்லப் பாக்குது. அதுக்கு முன்னாடி என் பசுவே கொன்னுருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்" என்றார். பட்டறை ஆட்கள் வில்லையை அளந்தார்கள், சட்டத்தை அளந்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அவர் முகத்திலும் சரியாக உட்கார்ந்தது. "பழகிடும் பெரியவரே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் அப்போது கடையின் முன் ஜன்னலை உள்ளேயிருந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போய்க் கண்ணாடியைக் கழற்றி, கம்பளித் தொப்பியை எடுத்துக் காதுவரை இழுத்து மாட்டி, மறுபடி கண்ணாடியைப் போட்டார். கண்ணாடியின் காம்பு காதில் இல்லை அக்கா, தொப்பியின் கம்பளி விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. கண்ணாடி அரை விரல் மேலே தூக்கிக்கொண்டது. படிக்கிற பாதி கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. அடுத்த அடியில் நடைபாதை விளிம்பில் தடுக்கி, இடது கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்குள் வந்தால் எல்லா ஆண்களும் தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். அது மரியாதை. அதனால் கடையில் இருப்பவர்கள் எங்கள் மலை ஆட்களைத் தொப்பி இல்லாமல்தான் அளந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வருடத்தில் எட்டு மாதம் தொப்பியோடுதான் நடக்கிறார்கள். எனக்கு இது தெரியும், ஏனென்றால் விடுதியில் தொப்பிகளை வாங்கி மாட்டுவது நான்தான்.

அங்கே சொல்ல வாய் வரவில்லை. பட்டறைக்காரர் முப்பது வருடமாகச் செய்கிறார். நான் ஜன்னல் துடைக்க வந்தவள்.

கோட்லீப் பெரியவரிடமே சொல்லலாம் என்றால், பனி இறங்கிய பிறகு மேல்மேட்டுக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை கீழே வந்தால் பெரிது. அதற்குள் விழுந்துவிடக் கூடாது.

கடிதத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். "தொப்பி போடுகிறவர்களைத் தொப்பியோடு உட்காரவைத்து ஒருமுறை பார்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது" என்று முடித்திருக்கிறேன். சரியா? நீ கேட்ட மற்ற விவரங்கள் தனித் தாளில் இருக்கின்றன. கடை எட்டு மணிக்குத் திறக்கும், ஆனால் ஏழே முக்காலுக்குப் பின் வாசலில் நிற்பவர்களை அந்த அம்மாவுக்குப் பிடிக்கும்.

உன் ரெகுலா

*

தூன், 30 ஜனவரி

ரெகுலா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று முறை.

தொப்பிக் கதையை எடுத்துவிடு.

கோபப்படாதே. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார். பதினைந்து வயதுப் பெண், மூன்று நாள் வந்து போனவள், முப்பது வருடமாக வேலை செய்கிறவருக்கு நீங்கள் தப்பாக அளக்கிறீர்கள் என்று எழுதுகிறாள். அந்த அம்மா என்ன நினைப்பார்? வாயாடி என்று நினைப்பார். நான் சொன்ன விதி சரிதான், ஆனால் அதைக் கடைக்காரர்களின் குறையைச் சொல்லப் பயன்படுத்தக் கூடாது. எல்லோரும் அன்பாக இருந்தார்கள், நிறையக் கற்றுக்கொண்டேன், எனக்குப் பொறுமை அதிகம் என்று எழுது. போதும்.

சுத்தமாக எழுதி எனக்கே அனுப்பு. நானே கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். நேரில் கொடுத்தால் ஒரு மரியாதை.

அடுத்த வாரம் முழுக்க எனக்குத் தேர்வு. எழுதமாட்டேன், தேடாதே.

மர்லீஸ்

*

ஓபர்மாட், 1 பிப்ரவரி, இரவு

அன்புள்ள மர்லீஸ் அக்கா,

நீ சொன்னபடி எடுத்துவிட்டேன். கடிதம் இதோடு இருக்கிறது. மூன்று முறை பிரதி எடுத்தேன், ஒரு மைக்கறை கூட இல்லை. ஆனால் படித்துப் பார்த்தால் அதில் நானே இல்லாதது போல இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எனக்குப் பொறுமை அதிகம் என்பது பொய் என்று உனக்கே தெரியும்.

ஆனால் உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். உன்னை நம்புகிறேன்.

இன்று அப்பா பள்ளிக்கூடப் பையைத் திறந்து பார்த்தார். "என்னத்தடி இவ்ளோ எழுதுற? பரிமாறுறவளுக்கு எதுக்கு மை?" என்றார். கட்டுரை என்றேன். பொய் சொன்னபோது காது சூடானது.

தேர்வு நன்றாக எழுது. உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உன் ரெகுலா

*

தூன், 17 பிப்ரவரி

ரெகுலா,

பதில் வந்துவிட்டது. உனக்கு இல்லை. மூன்று பேரில் வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். வழக்கமாக எழுதுவது போல நாலு வரி, வருந்துகிறோம், வாழ்த்துகிறோம் என்று.

அழாதே. உனக்கு வீடு இருக்கிறது, விடுதி இருக்கிறது. எல்லோருக்கும் அது கூட இல்லை.

மர்லீஸ்

*

ஓபர்மாட், 18 பிப்ரவரி, இரவு

அன்புள்ள மர்லீஸ் அக்கா,

அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நாலு வரியை எனக்கு அனுப்பு. உன் கடிதங்களைத் தவிர என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. அப்புறம், நீ சொன்ன இரண்டாவது கதவு. நன்றி சொல்லி, எது குறைந்தது என்று கேட்டு எழுதட்டுமா? இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை, அதனால் தொப்பி விஷயத்தையும் எழுதிவிடலாம். எனக்காக இல்லை. கோட்லீப் பெரியவர் விழக்கூடாது.

உன் ரெகுலா

*

தூன், 20 பிப்ரவரி

எழுதாதே. நான் சொன்னது கம்பெனிகளுக்கு, இது சின்னக் கடை. தொந்தரவு என்று நினைப்பார்கள். அந்தக் கடிதத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அறை மாற்றிக்கொண்டிருக்கிறேன், எல்லாம் பெட்டியில் இருக்கிறது.

கோட்லீப் விழமாட்டார். கவலைப்படாதே.

ம.

*

ஓபர்மாட், 9 மார்ச், ஞாயிறு இரவு

மர்லீஸுக்கு,

இன்று கோயில் ஆராதனை முடிந்து கோட்லீப் பெரியவர் விடுதிக்கு வந்தார். நான் அவர் தொப்பியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

"வேணாம் பொண்ணு. இன்னைக்குத் தொப்பியோடதான் உக்காருவேன். டாக்டர் உத்தரவு" என்றார்.

"எந்த டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"கண்ணாடிக் கடை டாக்டர். வெள்ளிக்கிழம கூப்ட்டு அனுப்பிருந்தாங்க. புதுசா ஒரு பொண்ணு வந்துருக்கா அங்க. தொப்பியப் போடுங்க தாத்தான்னா. போட்டேன். காம்பக் கழட்டி மணல்ல சுட வச்சு, தொப்பிக்குக் கீழ போற மாதிரி வளச்சுக் குடுத்துட்டா. அவ்ளோதான். மூணு மாசத்துக்கு மேல குப்புற விழுந்தேன், ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது. முப்பது வருசமா அளக்குற அந்த ஆளு வாயப் பொளந்துகிட்டு நின்னான்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "அப்ப படுக்கையிலயும் தொப்பிதானா?" என்றார்கள். "என் பொண்டாட்டியக் கேளு" என்றார்.

அப்புறம் அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க சொந்தந்தான்யா. உன் பொண்டாட்டியோட அக்கா மக, மர்லீஸ். ஆகஸ்டுல வேல பழகச் சேருறாளாம், அதுவரைக்கும் உதவிக்கு வச்சிருக்காங்களாம். அந்தம்மா சொல்லிச்சு, இந்தத் தொப்பி யோசன அவ கடிதாசில எழுதுனதாம். அத வச்சுத்தான் எடமே குடுத்தாங்களாம்."

என் கையில் சூப் தட்டு இருந்தது. கீழே போடவில்லை. மேசையில் வைத்தேன், கொஞ்சம் சிந்தியது. அப்பா அதைப் பார்த்தார்.

மூன்றாவது பெண் நீதான். அடுத்த வாரம் முழுக்கத் தேர்வு என்றாயே, அதுதான் அந்தத் தேர்வு. ஏழே முக்காலுக்குப் பின் வாசலில் போய் நின்றாயா? அந்த அம்மா என்னிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்டாரா? பதில் தயாராக இருந்திருக்கும். நான்தான் தனித் தாளில் எழுதி அனுப்பினேனே.

உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதினேன். வேண்டிக்கொள்ளவும் செய்தேன். பலித்துவிட்டது.

ரெகுலா

*

தூன், 13 மார்ச்

ரெகுலா,

இதை யாரிடமும் காட்டாதே. உன்னிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே என்னைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சுருக்கெழுத்தில் தேறவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவர் மருத்துவமனையில் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து என்னைப் படிக்கவைத்தார். தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரயில் நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பேன். நீ பள்ளி வாசலில் நின்ற மூன்று நாளும் அங்கேதான் இருந்தேன். உன் கடிதங்களையும் அங்கேதான் படித்தேன்.

முதலில் உன் கடிதத்தைத் திருத்தித் தரத்தான் நினைத்தேன். நம்பமாட்டாய். ஆனால் அந்தத் தொப்பி வரியைப் படித்ததும், இதை எழுதியவளுக்குத்தான் இடம் என்று தெரிந்துவிட்டது. நான் பள்ளியில் இரண்டு வருடம் படித்தும் அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. எழுதியவள் நானாக இருந்தால் என்ன என்று தோன்றியது. ஒரு நிமிடம்தான் தோன்றியது. அப்புறம் அது போகவில்லை. கடையில் போய் மூன்றாவது ஆளாகப் பெயர் கொடுத்தேன். கோட்லீப்பைத் தெருவில் பார்த்ததாக எழுதினேன்.

உன் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் நான் பொய் சொல்லவில்லை. அதில் ஒன்றுமே இல்லாதபடி செய்துவிட்டுக் கொடுத்தேன்.

உனக்கு வந்த பதிலை இதோடு வைக்கிறேன். தொலைந்துபோகவில்லை.

கடையில் எனக்கு எதுவும் சரியாக வரவில்லை என்று சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். கோட்லீப்பின் காம்பை நான் வளைக்கவில்லை, வளைத்தது பட்டறைக்காரர். பெரியவர் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்ததால் நான் என்று நினைத்துக்கொண்டார், நானும் சும்மா இருந்தேன். நான் வளைத்தவை இரண்டு உடைந்துவிட்டன.

தயவுசெய்து கடைக்கு எழுதாதே. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்.

மர்லீஸ்

*

ஓபர்மாட், 20 மார்ச், வியாழன் இரவு

மர்லீஸுக்கு,

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

நீயும் அதே வரியில் ஆரம்பித்திருந்தாய். யாரிடமும் காட்டாதே. நான் அப்படிக் கேட்டபோது அப்பாவுக்குப் பயந்து கேட்டேன். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இம்போடன் அம்மாவின் பதிலைப் படித்தேன். நாலு வரி என்றாய். பதினொன்று. "மூன்று நாளில் உன் கைதான் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். அதில் நீ பார்த்தது எதுவும் இல்லை. பார்க்கத் தெரியாத கையை வைத்துக்கொண்டு இந்த வேலையில் ஒன்றும் செய்ய முடியாது" என்று எழுதியிருக்கிறார். இதை ஒரு மாதம் உன் பெட்டியில் வைத்திருந்தாய். இடம் போனதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. எனக்குப் பார்க்கத் தெரியாது என்று அவர் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை இரவு கடைக்கு எழுதினேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே. ஒரே பக்கம். அவர் பெயர். நன்றி ஒரு வரி. அதற்கடுத்து இது:

"ஜனவரி 22, புதன்கிழமை, உங்கள் கடையின் முன் ஜன்னலை உள்ளிருந்து துடைத்துக்கொண்டிருந்தபோது, கோட்லீப் பெரியவர் தொப்பியைப் போட்டதும் கண்ணாடி அரை விரல் உயர்ந்ததையும், அவர் இடது கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்ததையும் பார்த்தேன். என் முதல் கடிதத்தில் இதை எழுதி, பின்பு எடுத்துவிட்டேன். உங்களுக்குக் குறை சொல்வது போல இருக்கும் என்று பயந்தேன். அந்தப் பயம் என் தவறு. அதனால் அவர் இன்னும் ஆறு வாரம் தடுக்கி நடந்தார். என்னிடம் வேறு எது குறைந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஏப்ரல் 2, புதன்கிழமை, இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பேன்."

உன் பெயரை எழுதவில்லை. எழுத மூன்று முறை பேனாவைக் கொண்டுபோனேன். பெரியம்மாவுக்காக நிறுத்தினேன், உனக்காக இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். தேதியைப் படிப்பார்.

முகவரி என்ற இடத்தில் முதல் முறையாக என் முகவரியை எழுதினேன். கரடி விடுதி, ஓபர்மாட். உன் முகவரியைத் தவிர வேறு எது கொடுத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

இன்று காலை பதில் வந்தது. நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். தபால்காரர் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "தூன் கண்ணாடிக் கடை. உங்க பொண்ணு பேருக்கு" என்றார். அப்பா வாங்கி, திருப்பிப் பார்த்து, கையில்லாக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்க அது அங்கேயே இருந்தது. அவர் குனியும்போதெல்லாம் உறையின் நுனி தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"கோட்லீப் தொப்பி. நீ பாத்ததா?"

"ஆமாப்பா."

"எப்ப?"

"ஜனவரில. சோதன வேலைக்குப் போனப்ப."

"அன்னைக்குச் சூப்பச் சிந்துனியே, அதுக்கா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டார்.

"பாத்தவ வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நம்புறவங்ககிட்டச் சொன்னேன்."

அப்பா ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தார். "அந்த மர்லீஸ் எந்த மேசைல உக்காந்து வளந்தா?" என்று அம்மாவிடம் கேட்டார். "இதே மேசைல" என்று அம்மா சொன்னார். அப்பா எழுந்து கீழே போய்விட்டார்.

அந்த உறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிரித்துவிட்டாரா, அடுப்பில் போட்டுவிட்டாரா, அதுவும் தெரியாது. பரிமாறும் பெண்ணுக்கு இந்த மாதத்தோடு கணக்கு முடிகிறது. திங்கட்கிழமை எனக்கு வெள்ளை மேலங்கி தைக்க அளவெடுக்க வருவார்கள். இடம் இல்லை என்று எழுதியிருந்தாலும் அது பெரிதில்லை. நான் பார்த்தேன் என்று இம்போடன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது.

உன் கடிதங்கள் எதையும் நான் எரிக்கவில்லை. என் கடிதங்களை நீ எரித்திருந்தால் பரவாயில்லை, எரிக்காவிட்டால் திருப்பி அனுப்பு. அந்தத் தொப்பி வரி உன் பெட்டியில்

பதினோராவது படி முனகுகிறது. அப்பாதான். அந்த எடை வேறு யாருக்கும் இல்லை. காகிதத்தை மறைக்க வேண்டும். மறைக்கப் போவதில்லை. இன்றைக்குப் பார்க்கட்டும்.

மூன்று மூச்சு ஆகிவிட்டது. கதவு திறக்கவில்லை. வெளியேதான் நிற்கிறார், மூச்சு கேட்கிறது, ஏதோ காகிதம் சரசரக்கிறது.

மர்லீஸ், அப்பா தட்டுகிறார். இரண்டு முறை